என் இடது பக்கம் நின்றவர்கள்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பேண்ட் டீச்சர். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அப்போ கணக்கு, சயின்ஸ் எதுவும் எடுக்க மாட்டீங்களா?" எடுக்க மாட்டேன். இருபது வருடமாக நான் எடுப்பது சத்தம். ஆறு சைட் டிரம், ஒரு பெரிய டிரம், பதினான்கு புல்லாங்குழல், நான்கு டிரம்பெட், ஒரு ஜோடி சிம்பல், ஒரு டிரையாங்கிள். இவற்றை இருபத்தேழு பிள்ளைகள் கையில் கொடுத்து, அடுத்த தெருவிலிருந்து யாரும் சண்டைக்கு வராதபடி வாசிக்க வைப்பதுதான் என் வேலை. வந்தும் இருக்கிறார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது இசைமேல் இருந்த பக்தியால் அல்ல. ஏனாத்தூருக்கு அப்பால் எங்கள் கிராமம். எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு ஒரு பேண்ட் உண்டு. இரண்டு டிரம், ஒரு டிரம்பெட். டிரம்பெட் ஊதியவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது. டிரம்பெட் பலிபீடத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. ஞாயிறு பள்ளியில் அதிகமாகக் கத்துகிறவள் நான் என்பதால், போதகர் என்னைக் கூப்பிட்டு, "அந்த மூச்சை இதுல காட்டும்மா" என்று அதைக் கையில் கொடுத்தார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ள கன்னத்த உப்பிக்கினு தெருவுல ஊதிக்கினு போனா எவன்டி கட்டிக்கினு போவான்?" என்றாள். அப்படி ஊதிக்கொண்டு போன ஒரு கிறிஸ்துமஸ் பவனிக்கு வந்தவர்தான் பிற்பாடு கட்டிக்கொண்டு போனார். ஊதலைக் கேட்டு மயங்கினீர்களா என்று இன்றும் கேட்பேன். பிரியாணிக்காக வந்தேன் என்று இன்றும் சொல்வார்.

பள்ளியில் நேர்முகத் தேர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. அப்போதிருந்த தலைமையாசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார். "சத்தமா வருமா?" ஊதிக் காட்டினேன். மாடி விளிம்பில் இருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிப் போயின. "ஜூன்ல வந்துடுங்க" என்றார்.

முதல் வருடம் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கற்றுக் கொடுத்தேன். விசில் அடிப்பேன், கம்பைத் தூக்குவேன், "ஒன் டூ, ஒன் டூ" என்று தொண்டை கிழியக் கத்துவேன். பிள்ளைகளும் என் கம்பையே பார்த்துக்கொண்டு வாசித்தார்கள். சுதந்திர தினத்தன்று நான் முன்னால் நடக்க வேண்டியிருந்தது. கம்பு அவர்கள் கண்ணிலிருந்து மறைந்தது. இருபத்தேழு பேரும் ஒரே பாட்டை மூன்று வெவ்வேறு வேகத்தில் வாசித்தார்கள். டிரம் கொடிக்கம்பத்தை அடைந்தபோது புல்லாங்குழல் இன்னும் சத்துணவுக் கூடத்தைத் தாண்டவில்லை. சிறப்பு விருந்தினர், முடிந்துவிட்டது என்று நினைத்து நடுவிலேயே கை தட்டினார். முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நானும் நினைத்தேன்.

அன்று ஒன்று புரிந்தது. இவர்களுக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது, மூச்சும் தேவைக்கு மேல் இருக்கிறது. காதைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்லவும் முடியாது. என் பிள்ளைகளில் பாதிப் பேர் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஒரே கூடத்தில் இரண்டு தறி, ஒரு மிக்ஸி, ஒரு டிவி சீரியல், தொட்டிலில் அழும் குழந்தை. எல்லாவற்றையும் காதில் வாங்கினால் அந்த வீட்டில் ஒருவன் வீட்டுப்பாடம் எழுத முடியுமா? கேட்காமல் இருக்கத்தான் அவர்கள் பழகியிருந்தார்கள். நான் அதற்கு நேர் எதிரானதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடத்திலிருந்து புதிதாகச் சேர்கிறவர்கள் கையில் முதல் மாதம் எதையும் கொடுக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறைதான் எங்கள் பேண்ட் ரூம். அதில் தரையில் உட்கார வேண்டும். கால் மணி நேரம் கண்ணை மூட வேண்டும். பிறகு என்னென்ன கேட்டது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

அந்த நோட்டுகளை நான் எங்கும் காட்ட முடியாது. ஒருவன் எழுதினான்: "பஸ் ஹாரன். குக்கர் மூணு விசில். ஹெச்.எம். செருப்பு. ஹெச்.எம். செருப்பு நின்னது. யாரோ திட்டு வாங்கறாங்க." இன்னொருத்தி: "பி.டி. சார் வயிறு." ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எதுவும் கேக்கல மிஸ். தூங்கிட்டேன்" என்று எழுதியிருந்தாள். நேர்மைக்காக அவளுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் நெசவுக்காரர் ஒருவர் மகளைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "டீச்சர், இவ பேண்டுல சேந்து ஒரு மாசம் ஆவுது. டிரம்ம தொடவே இல்லியாம். கண்ண மூடிக்கினு உக்காந்துக்கினு இருக்கோம்றா. அத்த வூட்லயே நல்லா செய்வாளேம்மா, இங்க எதுக்கு வரணும்?"

நான் பதில் சொல்வதற்குள் மகளே சொன்னாள். "நைனா, நீ பேசறப்ப மூக்குல ஒரு சத்தம் வருது. இத்தினி நாளா எனக்குத் தெரியவே தெரியாது."

அவர் மூக்கைத் தடவிக்கொண்டே போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த நாளே சைட் டிரம் கொடுத்தேன். பிற்பாடு இந்தக் கதையில் என்னை ஒரு வழி பண்ணியவள் அவள்தான்.

காது பழகப் பழகப் பிள்ளைகள் நன்றாக வாசித்தார்கள். ஆனால் பிள்ளைகளைவிட எனக்குத்தான் பெயர் வந்தது. காரணம், நான் காட்டிய ஒரு வித்தை. முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வேன். வாசிக்கச் சொல்வேன். நடுவில் கையைத் தூக்கி, "மூணாவது வரிசை, ரெண்டாவது ஆள், விரல் ஓட்டையை சரியா மூடல" என்பேன். பிடிபட்டவன் பேயைப் பார்த்ததுபோல் நிற்பான். பெற்றோர் கூட்டத்தில் ஹெச்.எம். இதை ஒரு நிகழ்ச்சியாகவே செய்ய வைத்தார். 'பேண்ட் மிஸ்ஸுக்கு முதுகிலும் காது' என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்கு அடக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

இப்படிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. அதற்குப் பிறகு ஒரு வருடம் என் பேண்ட் திடீரென்று அற்புதமாகிவிட்டது. தப்பே இல்லை. திரும்பி நின்று காத்திருப்பேன்; பிடிக்க எதுவும் சிக்காது. என் பாடம் உச்சத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கணவரிடம்கூட இரண்டு முறை சொன்னேன். அவர் "ஆமாம்மா" என்றார். அல்லது அப்படி ஏதோ சொன்னார்.

விசித்திரமாக ஒன்றை மட்டும் கவனித்தேன். எங்கே நிற்பது என்பதில் பிள்ளைகள் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். எல்லோருக்கும் என் இடது பக்கம்தான் வேண்டும். அங்கே கொஞ்சம் வேப்பமர நிழல் இருந்ததால் நியாயம் என்று விட்டுவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நெட்டைப் பையன் இருந்தான், புல்லாங்குழல். கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவான். விவசாயக் குடும்பம். அவன் எப்போது பார்த்தாலும் இடது பக்கம்தான் நின்றான். சைட் டிரம் பெண் மட்டும் வலது பக்கத்தை விட்டு நகரவே இல்லை. பக்கத்தில் நிற்பவர்களைத் தன் வீட்டுத் தெலுங்கில் திட்டிக்கொண்டே வாசிப்பாள்.

குடியரசு தினத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த முறை மாவட்ட விழாவில் வாசிக்க எங்கள் பள்ளியைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒத்திகையைப் பார்க்க பி.டி. மாஸ்டர் வந்து நின்றார், இடது பக்கமாக. பாட்டு முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த ஓரத்துல பூனைய மிதிச்ச மாதிரி ஒரு சத்தம் வருதே, அது பாட்டுலயே இருக்குதா?"

"எந்த ஓரம்?"

"இந்த ஓரந்தான். நெட்டையன் ஊதவே இல்ல, வாய வச்சிக்கினு சும்மா நிக்கிறான். அவனுக்குப் பக்கத்துல ரெண்டு பேரு வேற ஏதோ பாட்டு வாசிக்கிறாங்க."

நான் சிரித்தேன். விசிலுக்கும் சங்குக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அன்று நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டேன். கேட்டதை எழுதுகிறார்களா என்று பார்க்கலாம் என்றுதான். ஐந்தாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஓர் அட்டவணை இருந்தது. மேலே 'லெஃப்ட் டூட்டி' என்று தலைப்பு. திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஏழு பேர். யார் யாருக்கு எந்தப் பாட்டு வராதோ அவர்களுக்கு முன்னுரிமை. நெட்டையனுக்கு மட்டும் ஐந்து நாளும். கீழே ஒரு குறிப்பு: 'உடம்பு சரியில்லாதவங்க லீவு போட வேணாம், லெஃப்ட்ல நிக்கலாம்.'

என் பள்ளியில் இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட ஆவணத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் அதை அவர்கள் முன்னால் நீட்டினேன். "இது என்னது?"

இருபத்தேழு பேரும் தகரக் கூரையைப் பார்த்தார்கள். டிரையாங்கிள் பிடித்திருந்த சின்னப் பிள்ளை அழ ஆரம்பித்தது. கடைசியில் சைட் டிரம் பெண்தான் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"மிஸ், உங்களுக்கு அந்தக் காது கேக்காது மிஸ்."

"எந்தக் காது?"

"லெஃப்ட்டு. ரெண்டு வருஷமா கேக்காது. எல்லாருக்கும் தெரியும்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. டெஸ்ட் பண்ணிப் பாத்தோம்." கொஞ்சம் தயங்கினாள். பிறகு, ஆரம்பித்ததை முடித்துவிடலாம் என்று நினைத்தவள்போல் ஒரே மூச்சில் சொன்னாள். "அந்தப் பக்கம் நின்னுக்கினு 'மிஸ் ஒரு லூசு'ன்னு சொன்னோம் மிஸ். நீங்க திரும்பி 'குட், குட்'னு சொன்னீங்க."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. நிறையப் பேசினேன். எல்லோரையும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு வெறும் அறையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு வலது காதை விரலால் அடைத்தேன். பின் தெருத் தறி நின்றுவிட்டது. பஸ் நின்றுவிட்டது. காஞ்சிபுரம் மொத்தத்தையும் யாரோ ஈரத் துணியில் சுற்றி வைத்ததுபோல் இருந்தது. விரலை எடுத்தேன், எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி அடைத்தேன். ஐந்தாறு முறை செய்து பார்த்தேன், ஏதாவது ஒரு முறை மாறிவிடும் என்பதுபோல்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். எதற்கும் பதறாதவர். "தெரியும்மா" என்றார்.

"தெரியுமா? ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப?"

"நெறைய வாட்டி. இந்தப் பக்கத்துல இருந்து சொன்னேன்."

இரண்டு வருடமாக அவர் ஏன் சோபாவில் என் இடது பக்கமே உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார் என்பதும் அன்று எனக்குப் புரிந்தது.

காது டாக்டரிடம் போனோம். முதலில் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, தலையில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பரிசோதனை செய்த பெண்ணுக்கு என் பழைய மாணவி வயதுதான் இருக்கும். வலது காதில் பீப் பீப் என்று வந்தது, அழுத்தினேன். இடது காதுக்கு மாற்றியதும் ஒன்றும் வரவில்லை. ஆனால் நான் பேண்ட் டீச்சர். பீப் எத்தனை விநாடிக்கு ஒரு முறை வருகிறது என்பதை வலது காதிலேயே பிடித்து வைத்திருந்தேன். அதே தாளத்தில் அழுத்திக்கொண்டே போனேன். முகத்தில் கேட்பவளின் பாவனை.

அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். "மேடம், நான் மெஷினை நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆகுது."

டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "பெரிய டிரம் எந்தப் பக்கம் நிக்கும்?" என்றார். இடது பக்கம். இருபது வருடமாக, கைக்கெட்டும் தூரத்தில். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் காது முக்கால்வாசி போய்விட்டது, திரும்பி வராது, காது மிஷின் வைத்துக்கொள்ளலாம், முதல் வேலையாக அந்தப் பிள்ளைகள் காதில் அடைப்பான் வாங்கிப் போடுங்கள் என்றார். பிள்ளைகள் காதைப் பற்றி அவர் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. 'கேளு, கேளு' என்று வருடக்கணக்கில் கத்தியவள், கேட்பதற்கு வைத்திருந்த சாமானைப் பற்றி ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கடைத் தெருவில் ஆட்டோக்காரர்கள் எல்லோரும் என் மண்டைக்குள் வந்து ஹாரன் அடித்தார்கள். எவர்சில்வர் தட்டு கழுவுகிற சத்தத்துக்கு உயிர் போயிற்று. பட்டுக்கடை வாசலில் நின்று கூட்டத்தைக் கூப்பிடுகிற ஆள், "வாங்கம்மா, முகூர்த்தப் புடவையா?" என்று என் காதுக்குள்ளேயே நின்று கேட்டார். கழற்றிப் பையில் போட்டேன்.

அடுத்த நாள் ராஜினாமாக் கடிதத்தோடு ஹெச்.எம். அறைக்குப் போனேன். இப்போதிருக்கிற ஹெச்.எம். ஒரு பெண்மணி, உணர்ச்சிவசப்பட நேரமில்லாதவர். படித்தார். மடித்தார். "டீச்சர், ஜனவரி இருபத்தாறு முடிச்சிட்டுக் குடுங்க. நடுவுல நான் யாரைத் தேடறது?" என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். "வேற ஏதாவது இருக்கா?" என்றார்.

பேண்ட் ரூமுக்குப் போனேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். மன்னிப்புக் கேட்பதா, திட்டுவதா என்று தெரியாமல், நடந்ததை அப்படியே சொன்னேன். பட்டன் அழுத்திய கதையையும் சொன்னேன். அங்கேதான் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

"இனிமே அந்தப் பக்கத்த நீ பாத்துக்க" என்று சைட் டிரம் பெண்ணிடம் சொன்னேன். ஒரே வாரத்தில் ஆறு பேர் என்னிடம் அழுதுகொண்டு வந்தார்கள். "மிஸ், நீங்களே எவ்ளோவோ மேல் மிஸ். மூச்சு விட்டா கூட ராங்குன்றா."

அப்போதுதான் இன்னொரு காரியம் நடந்தது. நெட்டையனைக் கூப்பிட்டு, புல்லாங்குழலைக் கொடுத்து, தனியாக வாசிக்கச் சொன்னேன். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"வராது மிஸ்."

"ரெண்டு வருஷமா என்னடா பண்ணிக்கினு இருந்த?"

"கேட்டுக்கினு இருந்தேன்."

பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். பிள்ளைகளை வாசிக்க வைத்து, அவனை என் பழைய இடத்தில் முதுகைக் காட்டி நிற்க வைத்தேன். பாதியில் கையைத் தூக்கினான். "டிரம்பெட்டுல கடைசி ஆளு லேட்டா மூச்சு எடுக்கறான் மிஸ். பெரிய டிரம்மு திரும்பறப்ப ஓடுது. அப்பறம்..." ஓரக்கண்ணால் சைட் டிரம் பெண்ணைப் பார்த்தான். "அவ ரெண்டாவது வரியில ஒரு தட்டு சேத்துத் தட்டறா. டெய்லி."

அவள் தெலுங்கில் என்னவோ சொன்னாள். ஆனால் அடுத்த முறை அந்தத் தட்டு இல்லை.

இரண்டு வருடம் ஊதாமலே நின்றவனுக்கு மற்ற இருபத்தாறு பேரின் பாட்டும் மனப்பாடம். மற்றவர்கள் ஏன் அப்படி இல்லை என்று யோசித்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்குப் பதிலாக நானே கேட்டுக்கொண்டிருந்தேன். முதுகைத் திருப்பி வித்தை காட்டி, தப்பு நடந்தால் மிஸ் சொல்வாள் என்று பழக்கி வைத்திருந்தேன். குக்கர் விசிலை எண்ணத் தெரிந்த பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பவன் என்ன வாசிக்கிறான் என்று தெரியாது. அது மிஸ் டிபார்ட்மெண்ட்.

கம்பை மூலையில் சாத்தினேன். எல்லோரையும் வட்டமாக, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி வெளியே பார்த்து நிற்கச் சொன்னேன். காதில் அடைப்பான். ஒரே விதி: ஏதாவது சரியில்லை என்று கேட்டால் பேசக்கூடாது, திட்டக்கூடாது, வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான். ஒருவன் தப்பாக வாசித்தால் முதலில் நெட்டையன் நிறுத்துவான். பிறகு நான்கு பேர். பிறகு பத்துப் பேர். கடைசியில் தப்பாக வாசித்தவன் மட்டும் தனியாக உற்சாகமாக ஊதிக்கொண்டிருப்பான். திடீரென்று தன் சத்தத்தைத் தானே கேட்டு விழிப்பான். என் இருபது வருடத் திட்டில் இல்லாத வேகம் அந்த மௌனத்தில் இருந்தது.

நான்காம் நாள் அவர்கள் நன்றாக வாசித்ததைக் கேட்டு எனக்கே ஆசை வந்துவிட்டது. டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு வட்டத்தில் நானும் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். பழைய கிறிஸ்துமஸ் பவனி நினைவெல்லாம் வந்தது. உயிரைக் கொடுத்து ஊதினேன். கண்ணைத் திறந்தபோது இருபத்தேழு பேரும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போது நிறுத்தினார்கள் என்றே தெரியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிரையாங்கிள் பிள்ளைதான் மெதுவாகக் கேட்டது. "மிஸ், உங்க கூட சேந்து ஸ்லோவா வாசிக்கணுமா?"

"வேணாம். நான் உங்க கூட வரேன்" என்றேன். பையிலிருந்த மிஷினை எடுத்து அங்கேயே மாட்டிக்கொண்டேன். அது கீச் என்று கத்தியது. "மிஸ், உங்க காது விசிலடிக்குது" என்றான் நெட்டையன். மூன்றாவது முயற்சியில் கடைசி வரை அவர்களோடு வந்துவிட்டேன்.

குடியரசு தினம். மைதானத்தில் மேடை, அதிகாரிகள், ஒலிபெருக்கிக்காரர், வெயில். எங்களுக்கு முன்னால் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பள்ளி. வெள்ளைக் கையுறை, தொப்பியில் இறகு. அவர்களுடைய பேண்ட் மாஸ்டர் ராணுவத்தில் இருந்தவர். மீசையே அணிவகுத்து நின்றது. நாங்கள் பள்ளிச் சீருடைக்கு மேல் ஒரு சிவப்புப் பட்டை. நெட்டையன் கையில் இப்போது சிம்பல்.

அவர்கள் மைதானத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் நாங்கள் தொடங்க வேண்டும். ஆனால் ஒலிபெருக்கிக்காரருக்கு அவசரம். அவர்கள் பாதி தூரம்கூடப் போகவில்லை, எங்கள் பள்ளிப் பெயரை அறிவித்துவிட்டார். என் பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். ஒரே மைதானத்தில் இரண்டு பேண்ட், இரண்டு பாட்டு. மிஷினில் காற்று இரைந்ததால் அதைக் கழற்றியிருந்தேன். என் வலது காதுக்கே அது பேரிரைச்சல். போச்சு என்று நினைத்தேன். வழக்கத்துக்காக எடுத்து வந்திருந்த கம்பைத் தூக்கி ஆட்டினேன், நிறுத்து என்று. இருபத்தேழு பேரில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை.

முதலில் எங்கள் பெரிய டிரம் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு சைட் டிரம் ஆறும். அந்தத் தனியார் பள்ளியின் வேகத்துக்கு இறங்கி, அவர்கள் காலடியோடு ஒன்றாயின. சரியில்லாததைக் கேட்டால் நிறுத்து என்றுதானே பழக்கியிருந்தேன்? அந்தப் பக்கம் டிரம்பெட் வந்ததும் எங்கள் புல்லாங்குழல்கள் நின்றன. அவர்கள் மூச்சு விட்ட இடத்தில் எங்களுடையவை தொடங்கின. அங்கே கேட்டதற்கு இங்கே பதில் சொல்வதுபோல் இருந்தது. நெட்டையன் சிம்பலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடிக்காமலே காத்திருந்தான், காத்திருந்தான். அவர்களுடைய கடைசித் தட்டு விழுந்த அதே நொடியில் அடித்தான்.

மேடையில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். "இரு பள்ளிகளும் இணைந்து வழங்கிய சிறப்பு நிகழ்ச்சி" என்று ஒலிபெருக்கிக்காரர் சமாளித்தார். ஹெச்.எம். என் பக்கம் திரும்பி, "இப்படி ஒரு ஐட்டம் இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ராணுவ மீசை மட்டும் என்னை நோக்கி நேராக நடந்து வந்தார். "மேடம், இது டிசிப்ளின் இல்ல. என் பேண்டுக்குள்ள உங்க பேண்ட் நுழைஞ்சிடுச்சு."

"என்னைக் கேக்காதீங்க சார். நான் நிறுத்தச் சொன்னேன். அவங்க கேக்கல."

"அவங்க கேட்டதுதான் மேடம் பிரச்சினை" என்றார். மீசைக்குக் கீழே லேசாக ஏதோ அசைந்தது.

பத்து நாள் கழித்து அவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டார். விளக்குவது கஷ்டம், பிள்ளைகளோடு உட்காருங்கள் என்றேன். பளபளப்பான ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார். கால் மணி நேரம் ஆனதும் பேனா கேட்டார். கடமையாக எழுதினார். அவர் தாளை நெட்டையன் வாங்கிப் படித்தான். 'ஒன்றுமில்லை' என்று முதல் வரி. அதை அடித்துவிட்டு, 'தறி' என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு, 'இரண்டு தறி' என்று எழுதியிருந்தார்.

"மூணு சார்" என்றான் நெட்டையன். "இன்னும் கொஞ்சம் உக்காருங்க."